மூன்று நீலப் பெருக்கல்கள்

என் அம்மாவின் வயிற்றுக்குள்ளே இருப்பதை இருநூறு டாக்டர்கள் சமோசா தின்றுகொண்டே பார்த்தார்கள். பார்க்க வைத்தவள் நான். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

அம்மா பெயர் தில்லையம்மாள். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்கிறவள். ஒரு காலத்தில் உடம்பு நூற்றிருபது கிலோவைத் தொட்டது. சர்க்கரை, முட்டிவலி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அந்தச் சமயத்தில்தான் டாக்டர் கலைவாணன் புதுச்சேரியில் எடைக்குறைப்பு ஆஸ்பத்திரி திறந்தார். ஏழைகள் பத்துப் பேருக்கு இலவச ஆபரேஷன் என்று விளம்பரம் வந்தது. அம்மாவை அதில் எடுத்துக்கொண்டார்கள்.

இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் கனத்துக்கு ஒரு குழாயாக விட்டுவிடுவதுதான் அந்த ஆபரேஷன். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். அம்மா மளமளவென்று இளைத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்கு ஊதா நிறப் பட்டுச்சேலை கட்டிவிட்டு, நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பழைய படம் ஒருபக்கம், புதுப் படம் மறுபக்கம், நடுவில் கைகட்டி நிற்கும் கலைவாணன். கடலூர் ரோட்டில் பெரிய பேனராக வைத்தார்கள். சேலையைப் படம் எடுத்த கையோடு திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் போனதும் எடை மெல்லத் திரும்பியது. கூடவே நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும், பாதி ராத்திரி உட்கார்ந்தே தூங்குவாள். அவள் என்ன சாப்பிட்டாள் என்பது ஒரே அறையில் படுத்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். ஒரு கிண்ணம் கஞ்சி, ரெண்டு துண்டு மீன், எப்போதாவது ஒரு இட்லி. அதற்கு எந்த உடம்பும் ஏறாது. ஆனால் ஏறியது.

பேனரைக் கழற்றிவிட்டார்கள்.

கலைவாணன் வருஷத்துக்கு ஒருமுறை தன் நோயாளிகளை எல்லாம் அழைத்து, பீச் ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் கூட்டம் நடத்துவார். இளைத்தவர்கள் மேடையேறி அவரை வாழ்த்துவார்கள். அந்த வருஷம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தனியாகப் பார்த்து, "ஏன் சார் மறுபடி ஏறுது" என்று கேட்கத்தான் போனாள். அவர் பார்த்துவிட்டு அவளை மேடைக்கே கூப்பிட்டார். பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்தம்மாவ நல்லா பாருங்க. நான் புது வயிறு வச்சுக் குடுத்தேன். இவங்க அத மீன் கூடைன்னு நெனச்சு ரொப்பிட்டாங்க. வயித்த நான் தைப்பேன். வாயை யாரு தைக்கிறது? அதுவும் மீன்காரங்க நாக்கு, கேக்கவா வேணும்?"

ஹால் சிரித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த காபி என் சுடிதாரில் சிந்தியது. அம்மா மேடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இறங்கச் சொன்னதும் இறங்கினாள். ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

அந்தச் சிரிப்பு எங்களுக்கு முன்னாலேயே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்துக் கடை வசந்தா மறுநாளே கேட்டாள்.

"என்னா தில்ல, ஒளிச்சு வச்சுத் துன்றியாமே. டாக்டரே மைக்குல சொன்னாராமே."

"நீ வந்து பாத்தியாடி?"

"நான் எதுக்குப் பாக்கணும்? உன் உடம்பு சொல்லுதே."

அதற்குப் பிறகு அம்மா யார் முன்னாலும் வாயைத் திறந்து சாப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் வந்துவிடுவாள். மார்க்கெட்டில் தண்ணீர் குடிப்பதற்குக்கூட ஐஸ் பெட்டிக்குப் பின்னால் திரும்பிக்கொள்வாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு கிண்ணம் கஞ்சியைக் குடிப்பாள். இப்படி மறைவாகச் சாப்பிடுவதைப் பார்த்தவர்கள், பார்த்தியா டாக்டர் சொன்னது சரிதான் என்றார்கள்.

நான் அப்போது ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். சேரும்போது வேலை கிடைக்கும் என்றுதான் சேர்ந்தேன். அந்த ஹோட்டலுக்குப் போய் வந்த பிறகு கோபத்தில் படித்தேன். கோபம் நல்ல வாத்தியார். நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன்.

படிப்பு முடிந்து உழவர்கரைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ரோபோ இருக்கிறது. ரோபோ என்றதும் கண் சிமிட்டிக்கொண்டு நடந்து வரும் பொம்மையை நினைக்க வேண்டாம். நான்கு நீளக் கைகள் உள்ள இயந்திரம் அது. நோயாளி மேல் குனிந்து நிற்கும், தானாக ஒன்றும் செய்யாது. டாக்டர் பத்தடி தள்ளி ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். அவர் விரல் எப்படித் திரும்புகிறதோ அப்படி அந்தக் கைகள் வயிற்றுக்குள் திரும்பும். ஒருமுறை அறுத்த வயிற்றில் கல்லீரல், கொழுப்பு, இரைப்பை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். மறுபடி அறுக்கும்போது அந்த ஒட்டலைப் பிரிப்பதுதான் கஷ்டம். மனுஷக் கை லேசாக நடுங்கும். இது நடுங்காது. இண்டு இடுக்கில் மணிக்கட்டு மாதிரி மடங்கும்.

அதை ஓட்டுகிறவர் டாக்டர் செந்தமிழ்ச்செல்வி. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்துதான் ஓட்டுவார். அம்மாவை அவரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவை உட்கார வைத்துச் சொன்னார்.

"உங்க மேல தப்பில்லம்மா. இரைப்பையோட மேல்பக்கத்த அவங்க வெட்டவே இல்ல. மண்ணீரல் பக்கத்துல ஒரு பை மாதிரி அப்படியே கெடக்கு. பசிய உண்டாக்குறதே அந்தப் பகுதிதான். அமிலமும் அங்கேருந்துதான் வருது. மறுபடி ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிடலாம்."

அம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா எனக்கு என்னாத்துக்கும்மா? சொன்னவன் வாயால சொல்லணும்" என்றாள்.

"அதெப்படி சொல்லுவாரு?" என்றேன்.

"அவன் சொல்லணும். மைக்குல சொல்லணும். தமிழ்ல சொல்லணும். இங்கிலீஷ்ல சொன்னா நான் எங்க கண்டேன்?"

அடுத்த மாதம் எங்கள் ஆஸ்பத்திரி ஒரு லைவ் ஒர்க்‌ஷாப் நடத்துவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆஸ்பத்திரி தியேட்டரில் நடக்கும் ரோபோ ஆபரேஷனை, அதே கட்டடத்தில் கீழே உள்ள ஹாலில் பெரிய திரையில் காட்டுவார்கள். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு மூத்த டாக்டர் மேடையில் உட்கார்ந்து, மைக்கில் விளக்கமும் விமர்சனமும் சொல்வார். மறு ஆபரேஷன்களுக்குத் தலைமை தாங்குபவர் டாக்டர் கலைவாணன் என்று அந்த நோட்டீஸில் இருந்தது.

இந்த ஒர்க்‌ஷாப்களில் ஒரு வழக்கம் உண்டு. மறு ஆபரேஷன் என்றால் முதல் ஆபரேஷன் "வெளியில் செய்தது" என்று மட்டும் போடுவார்கள். செய்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நோயாளியின் பெயரும் முகமும் வராது. பெயர் இல்லாதவனைத் திட்டுவது சுலபம் என்பதால் மேடையில் இருப்பவர்கள் அந்த முதல் டாக்டரைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள். அப்படித் திட்டுவதில் கலைவாணனை மிஞ்ச ஆளில்லை என்று எங்கள் தியேட்டர் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நான் நேராகச் செந்தமிழ்ச்செல்வி மேடத்திடம் போனேன்.

"மேடம், எங்கம்மா ஆபரேஷன அன்னிக்கு லைவ்ல வச்சுக்கலாமா?"

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேடையில யார் தலைமைன்னு தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

இப்போது திரும்பினார். "நான் அவர்கிட்ட மூணு வருஷம் வேலை பாத்தவ. எனக்கு யார் கூடவும் சண்டை வேணாம் சத்யா. உள்ள என்ன இருக்கோ அதக் காட்டுவேன். கூடவும் சொல்ல மாட்டேன், கொறச்சும் சொல்ல மாட்டேன். உங்கம்மாவுக்கு ஏதாவது சிக்கல்னா அந்த நிமிஷமே லைவை நிறுத்திடுவேன். சம்மதமா?"

"சம்மதம்."

"உன் சம்மதம் எனக்கு எதுக்கு? உங்கம்மாவக் கேளு."

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வயிற்றைத் திறந்து திரையில் காட்டுவார்கள், ஊர்ப்பட்ட டாக்டர்கள் பார்ப்பார்கள். அம்மா சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வசந்தா.

"மெஷினே அறுக்குமாமே தில்ல. பயமா இல்ல?"

"மெஷினுக்கு வாய் இல்லல்ல. அது போதும்" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "அவன் பாக்கறானா?" என்றாள்.

"மேடையில உக்காந்து பாக்கறான்."

"அப்ப அறுக்கச் சொல்லு."

சொந்தக்காரர்கள் தியேட்டருக்குள் நிற்கக் கூடாது. அதனால் அன்றைக்கு என்னை ஹாலில் ஆடியோவுக்குப் போட்டார்கள். மேடை மைக்கையும் தியேட்டர் மைக்கையும் இணைப்பது, கேள்வி கேட்கிறவரிடம் மைக்கைக் கொண்டுபோவது என் வேலை. கலைவாணனின் சட்டைக் காலரில் மைக்கை மாட்டியதும் நான்தான். "தேங்க்ஸ்மா" என்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அம்மாவையே அவர் ஒரு மனுஷியாகப் பார்த்ததில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது கேஸ். திரையில் அம்மாவின் உட்புறம் தெரிந்தது. மஞ்சள் கொழுப்பு, ஈரமான சிவப்பு, அதற்குள் ரோபோவின் இரண்டு இரும்பு விரல்கள். ஹாலில் டீ கப் சத்தம்.

"நாற்பத்தெட்டு வயசுப் பெண். வெளியில் செய்த ஆபரேஷன். எடை திரும்பியிருக்கு, கடுமையான நெஞ்செரிச்சல்" என்றார் மேடம், தியேட்டரிலிருந்து.

கலைவாணன் சாய்ந்து உட்கார்ந்தார். இங்கிலீஷில் ஆரம்பித்து, சிரிப்பு மூட்ட வேண்டிய இடத்தில் தமிழுக்கு வந்தார். "நம்ம ஊரு பேஷண்ட்ஸ் தெரியும்ல. டயட் சார்ட்ட ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டு, அதே ஃப்ரிட்ஜ தொறந்து சாப்புடுவாங்க." ஹால் சிரித்தது. அதே சிரிப்பு.

கல்லீரல் இரைப்பையோடு ஒட்டிக்கிடந்தது. அதைப் பிரித்துக்கொண்டு போகையில் திடீரென்று ஒரு ஓரத்திலிருந்து ரத்தம் ஊறி, திரை முழுக்கச் சிவந்தது. ஒரு மனுஷன் அவமானப்பட வேண்டும் என்பதற்காக அம்மாவைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டேனோ என்று ஒரு நொடி நினைத்தேன். மேடத்தின் குரல் மாறவில்லை. "பஞ்சு" என்றார். ஒரு இரும்புக் கை பஞ்சை வைத்து அழுத்தியது. அழுத்திய கை அசையவே இல்லை. பஞ்சை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. லைவை நிறுத்தவில்லை.

காமிரா மேலே நகர்ந்தது. மண்ணீரலுக்குப் பக்கத்தில், கொழுப்பை ஒதுக்கியதும், கை முஷ்டி அளவுக்கு ஒரு பை உப்பிக்கொண்டு வெளியே வந்தது. ஹாலில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

முன்வரிசையில் ஒரு இளம் டாக்டர் கையைத் தூக்கினார். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சார், பேஷண்ட் அதிகமா சாப்பிட்டு இப்படி விரிஞ்சிருக்குமா?"

கலைவாணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய்விட்டார்.

"இல்ல இல்ல. பேஷண்ட் மேல பழி போடாதீங்க. இங்க பாருங்க. இரைப்பையையும் மண்ணீரலையும் இணைக்கிற இந்தச் சின்ன ரத்தக்குழாய்ங்க. ஆபரேஷன்ல முதல்ல வெட்ட வேண்டியதே இதைத்தான். ஒன்னுகூட வெட்டல. எல்லாம் கடவுள் வச்ச மாதிரியே இருக்கு. சாப்பிட்டா வயிறு விரியும், சரி. வெட்டின ரத்தக்குழாய் மறுபடி முளைக்குமா? இது சாப்பாடு பண்ண வேலையில்ல. டாக்டர் பண்ண வேலை. மேல ஏற சோம்பேறித்தனம். சீக்கிரம் முடிச்சிட்டு அடுத்த கேஸுக்கு ஓடியிருக்கான். இந்தப் பொம்பள பட்டினியே கெடந்தாலும் எடை ஏறும். இதச் செஞ்சவன் கையில கத்தியக் குடுக்கவே கூடாது."

கைதட்டல். நான் அந்த மைக்கின் சத்தத்தை ஒரு துளி ஏற்றிவைத்தேன்.

இரும்பு விரல்கள் குழாய் ஓரமாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தன. ஒட்டியிருந்த கொழுப்பை மெதுவாக உரித்தன. ஒரு பெருக்கல் குறி தெரிந்தது. நீல நூலில் போட்ட தையல். இன்னும் கொஞ்சம் கீழே இரண்டாவது. அதற்கும் கீழே மூன்றாவது.

இரைப்பை முறுக்கிக்கொள்ளாமல் இருக்கப் பக்கத்துக் கொழுப்போடு சேர்த்துத் தைப்பார்கள். பலரும் பலவிதமாகத் தைப்பார்கள். நீல நூலில், ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று பெருக்கல் குறி போடுகிறவர் ஒருத்தர்தான். போகிற ஊரெல்லாம் ஸ்லைடு போட்டு, "மூணு பெருக்கல் பாத்தா கலைவாணன் கைன்னு தெரிஞ்சுக்கலாம்" என்று பெருமை அடித்திருக்கிறார். அந்த ஹாலில் பாதிப் பேர் அதைக் கேட்டவர்கள்.

டீ கப் சத்தம் நின்றது. கலைவாணன் திரைக்குப் பக்கத்திலேயே நின்றார். நீல வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது. பின்வரிசையில் ஒருத்தன் இருமுவது போலச் சிரித்தான்.

ஸ்பீக்கரில் மேடத்தின் குரல் வந்தது. "சார், மேற்கொண்டு போகணும்னா இந்த மூணு தையலையும் எடுக்கணும். தலைமை நீங்கதான். வெட்டட்டுமா?"

மைக் அவர் மூச்சை மட்டும் ஹாலுக்குக் கொடுத்தது.

"சார்?"

"வெட்டுங்க" என்றார்.

நீல நூல் மூன்று இடத்தில் அறுந்தது. மூன்று துண்டுகளையும் இரும்பு விரல்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் காமிராவுக்கு முன்னால் காட்டிவிட்டு வெளியே போட்டன. கலைவாணன் யாரோ அழைத்ததாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். காலரில் மைக் இருந்தது. அதைக் கழற்ற நான் கதவுவரை பின்னாலேயே போக வேண்டியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் அம்மா மயக்கம் தெளிந்ததும், பதிவான சத்தத்தைப் போனில் போட்டுக் காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"என் பேரச் சொன்னானா?"

"பேரு அவனுக்குத் தெரியாதும்மா. இந்தப் பொம்பளைன்னு சொன்னான்ல."

"மேடையில நின்னது எந்தப் பொம்பளையோ இல்ல. நான் நின்னேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு செய்தும் போதவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவள் சொன்னது நியாயம்.

ஆனால் கலைவாணனே வந்தார். அந்த வீடியோவைச் சென்னையில் ஒரு பெரிய மாநாட்டில் சத்தத்தோடு போடப்போவதாகப் பேச்சு. நோயாளி வேண்டாம் என்றால் போட முடியாது. அதனால் யார் என்று விசாரித்து, பழக்கூடையோடு வார்டுக்கு வந்தார். நாலு கட்டில் உள்ள வார்டு. சுலோசனா சிஸ்டர் பக்கத்துக் கட்டிலுக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தார்.

"தில்லையம்மாள்தானே? எப்படிம்மா இருக்கீங்க?"

"பேரு தெரிஞ்சிடுச்சா" என்றாள் அம்மா.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அன்னிக்கு ஹால்ல ஏதோ பேச்சு வாக்குல சொல்லிட்டேன். அது வெளியூர்ல எல்லாம் ஓடினா நல்லாருக்காது. உங்களுக்கும் அசிங்கம்தானே, வயிறெல்லாம் காட்டிக்கிட்டு. நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நீ என்னா சொல்லணும்னு உனக்குத் தெரியுமா?"

அம்மா எந்த டாக்டரையும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். பழக்கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "உங்க மேல தப்பில்லம்மா" என்றார்.

"சிஸ்டருக்குக் கேக்கல. பேரோட சொல்லு."

சுலோசனா சிஸ்டர் டிரிப்பை விட்டுவிட்டு நின்றார். பக்கத்துக் கட்டில்காரிகளும் பார்த்தார்கள்.

"தில்லையம்மாள் மேல தப்பில்ல. நான் சரியா வெட்டல. அவங்க ஒளிச்சுச் சாப்புடல."

"ம்" என்றாள் அம்மா.

அவர் எழுந்தார். "அப்ப அந்த வீடியோ வேணாம்னு சொல்லிடறீங்களா?"

"அது ஓடட்டும்."

"நான்தான் சொல்லிட்டேனே."

"நீ சொன்னா நிறுத்தறேன்னு நான் எங்க சொன்னேன்? என்னைய மேடையில நிக்க வச்சுச் சொன்ன. இங்க நாலு கட்டிலு கெடக்கு. இது பத்தாது. போ."

அவர் என் பக்கம் திரும்பினார். இப்போதுதான் என்னை அடையாளம் கண்டிருக்க வேண்டும், மைக் மாட்டியவள் என்று. "நீ படிச்ச பொண்ணு. அம்மாவுக்கு எடுத்துச் சொல்லும்மா."

"வயித்த நல்லா தைச்சாச்சு சார். வாயைத் தைக்க ஆள் கெடைக்கல" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. கழுத்துவரை சிவந்தது. கதவுவரை போனவரைக் கூப்பிட்டு, "பழத்த எடுத்துட்டுப் போங்க சார். ஆபரேஷன் முடிஞ்ச வயித்துக்கு ஆப்பிளா? இப்ப தண்ணி மட்டும்தான். உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். திரும்பி வந்து கூடையைத் தூக்கிக்கொண்டார். காரிடார் முழுக்க அவர் அந்தக் கூடையைச் சுமந்துகொண்டு போவதை வாசலில் நின்று பார்த்தேன்.

அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கும் நேரம். மருந்து மூடி அளவுக்கு ஒரு சின்னக் கப். ஊற்றிவிட்டு, வழக்கம்போலக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுக்கப் போனேன்.

"இழுக்காத" என்றாள். "வசந்தா பாக்க வரேன்னு சொன்னா. வந்துட்டாளான்னு பாரு. அவ எதிர்ல குடிக்கணும்."

கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.